கொள்ளியக்காவின் வலது கை

பெற்றவர்கள் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்களோ, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். கொள்ளியக்கா என்றால்தான் திரும்புவாள். பெயர் வந்தது வேலையால். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கிற வேலை. தெருத்தெருவாகப் போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுவர வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் குழாயின் வாயை நெருப்பால் சுட வேண்டும். வாயில் ஒட்டியிருக்கிற அழுக்கு பாட்டிலுக்குள் இறங்கிவிட்டால் உள்ளே வருகிற தண்ணீர்மேல் வீண்பழி விழும் இல்லையா, அதற்காக. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் கவ்விக் கொளுத்தி, குழாயின் வாய்க்குள் நன்றாகக் காட்டுவாள். “இவ என்னடி, நம்ம குழாய்க்கே கொள்ளி வெக்கிறா” என்று எவளோ ஒருத்தி சொல்லப்போக, அந்தப் பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

பெயருக்கேற்ற வாய், வாய்க்கேற்ற கை. கட்டியவன் இரண்டு முறை அடித்தான், பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது முறை கையை ஓங்கியபோது கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த வால்வு சாவியை எடுத்தாள். சாவி என்றால் பூட்டைத் திறக்கிற சாவி இல்லை. இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. தெருக் குழிக்குள் இருக்கிற வால்வைத் திருகுவதற்கு உள்ளது. ஒரே போடு, தோள்பட்டை எலும்பு போயிற்று. அவன் மிச்சமிருந்த கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவில்லை. அவளும் தேடவில்லை.

அந்தச் சாவி அவளுடைய தம்பியுடையது. அவன் அதே குடிநீர்ப் பிரிவில் வால்வு திறக்கிறவன். அம்மா சாகும்போது நடக்கக்கூடத் தெரியாத பிள்ளையாக அக்காவின் இடுப்புக்கு மாறியவன், வளர்ந்து ஆளான பிறகும் அக்கா வீட்டை விட்டுப் போகவில்லை. அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சுத்தம். கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளரைக்கூட இன்னொரு முறை அலசித்தான் தண்ணீர் குடிப்பான். கைகழுவுகிற சோப்பையே கழுவி வைக்கிறவன் என்று பம்ப் ஹவுஸில் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டு நிற்பான். ஒரு பொய் சொல்லத் தெரியாது, ஒரு சண்டை போடத் தெரியாது. ஊரையே மிரட்டிக்கொண்டு திரிந்த கொள்ளியக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் அவனுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்பதுதான்.

அவள் தண்ணீர் மாதிரி எடுக்கிற இடங்களில் கடைசி, பட்டறைத் தெரு. ஒரு பக்கம் லேத், வெல்டிங் பட்டறைகள், அவற்றுக்குப் பின்னால் வீடுகள், நடுவில் திறந்த சாக்கடை. லேத் பட்டறைக்காரரின் மகள் ஒருத்தி, ரெட்டைச் சடைக்காரி, கொள்ளியக்கா வந்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்துவிடுவாள்.

“அத்தை, குழாய்க்குச் சுடாதா?”

“குழாய்க்கு வாய் மட்டும்தான் இருக்கு, நாக்கு இல்ல. உனக்கு ரெண்டும் இருக்கு, தள்ளி நில்லு.”

ஒவ்வொரு முறையும் இதே கேள்வி, இதே பதில். இருவருக்கும் அலுத்ததில்லை.

ஒருநாள் காலையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தவள், சாக்கடை ஓரம் ஒரு தண்ணீர் லாரி நிற்பதைப் பார்த்தாள். லாரியிலிருந்து இறங்கிய ஹோஸ் ஒரு கோணிக்கு அடியில் போயிற்று. கோணியைத் தூக்கினால் மோட்டார். தெருவுக்கு வருகிற பெரிய குழாயில் ஓட்டை போட்டு, மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான் லாரிக்காரன். தெரு முழுக்கக் குழாய்கள் நூலாக ஒழுகுகிற காரணம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“யோவ், என்னய்யா இது?”

“பாத்தா தெரியல? மோட்டாரு.”

“யாரைக் கேட்டு வெச்ச?”

“யாரைக் கேக்கணும்? உங்கப்பன் வீட்டுத் தண்ணியா?”

செத்துப்போன அப்பனை இழுத்தது அவள் காதில் விழுந்ததும் இடுக்கி அவன் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து பல் தெரிந்தது. அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்து லாரியின் பக்கப்பலகையில் தலையை மோதினான், ஒருமுறை இல்லை, பலமுறை. கண்ணில் இரத்தம் வழிய வழிய அவள் ஸ்பிரிட் புட்டியைத் திறந்து அவன் சீட்டில் கொட்டிக் கொளுத்திவிட்டாள். சீட் புகைந்தது, தெரு கூடியது, போலீஸ் ஜீப் வந்தது. இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிட்டான். வண்டியைக் கொளுத்தியவள் என்று அவளை உள்ளே வைத்தார்கள்.

தம்பி கட்டுத்துணியும் தண்ணீருமாக ஸ்டேஷனுக்கு ஓடிவந்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதான்.

“அழுவாதடா. இன்னிக்குப் பட்டறைத் தெரு தண்ணி லேபுக்குப் போயாகணும், நானோ இங்க கெடக்குறேன்.”

“நான் எடுத்துட்டு வர்றேன்க்கா. உன் பெட்டி அங்கேயேதான் இருக்கு.”

அவள் யோசித்தாள். முறைப்படி அவன் எடுக்கக் கூடாது. ஆனால் அவனைவிடச் சுத்தமான கை இந்தத் துறையில் யாருக்கு இருக்கிறது?

“சரி, கேட்டுக்கோ. மொதல்ல குழாய் வாயச் சுடு. அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணிய ஓடவிடு. பாட்டில் மூடிக்கு உள்பக்கம் விரல் படக் கூடாது. கழுத்து வரைக்கும் ரொப்பாத, லேப்ல குலுக்குறதுக்கு எடம் வேணும். ஐஸ் பெட்டியில வெச்சு நேரா லேபுக்குப் போயிடு. எங்கயும் நிக்காத.”

அவன் விரல் விட்டு எண்ணி ஒப்பித்துக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. அவன் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரை லேப் அம்மா வடிகட்டி, தட்டில் வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். மலக்கிருமி இருந்தால் மறுநாள் தட்டில் புள்ளிபுள்ளியாக முளைக்கும். ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. பட்டறைத் தெரு தண்ணீர் நல்ல தண்ணீர் என்று முடிவாயிற்று. கொள்ளியக்காவும் வெளியே வந்தாள், நெற்றியில் தையலோடு.

அந்த வாரமே பட்டறைத் தெருவில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. வீட்டுக்கு ஒருவராகப் படுத்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். லேபில்தான் நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டார்களே, சாப்பாட்டில் ஏதோ என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ரெட்டைச் சடைக்காரி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

செய்தி லேபுக்கு வந்தபோது காலை வேலை தொடங்கியிருந்தது. கொள்ளியக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். குழாய்க்குச் சுடாதா என்று கேட்ட குரல் காதுக்குள்ளேயே நின்றது. லேப் அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து, பட்டறைத் தெரு பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துச் சின்னக் குழலில் ஊற்றி, குளோரின் பார்க்கிற மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் மெல்ல ரோஸ் நிறமானது.

இரண்டு பேரும் அந்தக் குழலையே பார்த்தார்கள். அது ரோஸ் ஆகியிருக்கக் கூடாது.

விஷயம் இதுதான். கிருமி பார்ப்பதற்கென்று தருகிற பாட்டில் வெறும் பாட்டில் இல்லை. அடியில் சில சொட்டு மருந்தை விட்டு, காயவைத்து, கொதிஆவியில் வேகவைத்து மூடித் தருவார்கள். தண்ணீரில் இருக்கிற குளோரினை அந்த மருந்து அங்கேயே முறித்துவிடும். முறிக்காவிட்டால், லேபுக்கு வருகிற வழியெல்லாம் குளோரின் பாட்டிலுக்குள் வேலை செய்துகொண்டே வந்து கிருமியைக் கொன்றுவிடும். குழாயில் குடிக்கிறவன் வயிற்றுக்குள் உயிரோடு போகிற கிருமி, லேப் தட்டில் செத்துக் கிடக்கும். தட்டு சுத்தமாக இருக்கும், தெரு சாகும்.

“பாட்டில்ல மருந்தே இல்ல” என்றாள் லேப் அம்மா. “யாரோ அலசியிருக்காங்க. நீ அலச மாட்டியே?”

கொள்ளியக்கா அன்றைக்குக் கம்பிக்குள்ளிருந்து தம்பியிடம் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் சொல்லியிருந்தாள், ஒன்றைத் தவிர. பாட்டிலை அலசாதே என்று அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அலசாத கைக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை. அந்தப் பக்கம் நின்று கேட்டவனோ கழுவிய டம்ளரையே கழுவுகிறவன். அவன் நல்லதென்று நினைத்துத்தான் அலசியிருப்பான், ஒரு முறைக்கு மூன்று முறை.

“நான்தான் என் தம்பிய அனுப்புனேன்” என்றாள்.

“அதை அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அந்தத் தெரு வால்வ மூடச் சொல்லு, போ.”

அவள் எழுந்திருப்பதற்குள் பம்ப் ஹவுஸிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல் பட்டறைத் தெருவுக்கு வால்வு திறக்கப் போன தம்பி சுத்தத்தைத் தெருக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டு அடிக்கிறார்கள்.

அவள் எப்படி வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. தெருமுனையில் ஒரு சுவரில் இடித்து வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தெருக்குழாயின் கம்பத்தோடு சேர்த்து அவனை ஹோஸால் கட்டியிருந்தார்கள். சட்டை இல்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நான்கைந்து பேர் அவன் முடியைப் பிடித்து, பக்கத்தில் இருந்த டிரம்முக்குள் தலையை முக்கி முக்கி எடுத்தார்கள்.

“குடிடா! நீ திறந்துவிட்ட தண்ணிதானே, குடி! எங்க புள்ளைங்க குடிச்சுச்சுல்ல?”

ஒவ்வொரு முறை தலை வெளியே வரும்போதும் அவன் இருமினான். மூச்சு வாங்கும் முன்னால் மறுபடி உள்ளே போயிற்று. பக்கத்திலேயே, இந்தக் கலவரத்திலும், பெண்கள் குழாய்களில் குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வால்வைத் திறந்த பிறகுதான் அவனைப் பிடித்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கொள்ளியக்கா தம்பியிடம் போகவில்லை. அதுதான் அங்கிருந்தவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். நேரே குடங்களிடம் போனாள். முதல் குடத்தை உதைத்தாள். அடுத்ததை, அதற்கடுத்ததை. நிறைந்த குடங்கள் உருண்டன, பிளாஸ்டிக் வாளி ஒன்று அவள் காலுக்கடியில் நொறுங்கியது. ஒருத்தி அவள் முடியைப் பிடித்தாள், இன்னொருத்தி நெற்றித் தையலில் நகத்தால் பிறாண்டினாள். தையல் பிரிந்து இரத்தம் வந்தது.

“புடிக்காதீங்கடி! ஒரு சொட்டு வாயில ஊத்தாதீங்க! வெஷம்டி அது!”

தரையில் கிடந்த வால்வு சாவியை எடுத்தாள். குறுக்கே வந்த ஒருவனின் முழங்காலில் ஒரு போடு, அவன் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள். குழிக்குள் சாவியை இறக்கி, முதுகில் விழுந்த அடிகளை வாங்கிக்கொண்டே திருகினாள். குழாய்களில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது.

அதற்குப் பிறகுதான் தம்பியைப் பார்த்தாள். கூட்டமும் அவளைப் பார்த்தது. நடுவிலிருந்து பட்டறைக்காரர் வந்தார், மகளைக் காலையில்தான் இழந்தவர். கையில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு இருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

“வெஷம்னு இப்ப சொல்ற. அன்னிக்கு நல்ல தண்ணின்னு யாரு சொன்னா? உங்க லேப்ல தப்பு பண்ணாங்களா?”

“லேப்ல தப்பு இல்ல. புடிச்சுட்டு வந்ததுல தப்பு.”

“அன்னிக்குத் தண்ணி புடிச்சது யாரு?”

கம்பத்தில் கட்டியிருந்தவன் இருமி, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அக்கா வந்துவிட்டாள், உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான் போலும்.

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நான் நல்லா பாட்டில அல...”

அந்தச் சொல் முடிவதற்குள் அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவள் இதுவரை அவனை அடித்ததில்லை. சின்ன வயதில்கூட இல்லை. அறைந்த அறையில் அவன் தலை கம்பத்தில் மோதி, உதடு கிழிந்து, பேச்சு நின்றது. மறுபடி வாயைத் திறந்தான், மறுபடி அறைந்தாள். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்பார்கள். அன்றைக்கு அந்தத் தம்பிக்கு உதவ அவளிடம் அடியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

“வாய மூடுடா! வால்வு திறக்கிறவனுக்கு என்னடா தெரியும்?” என்று கத்திவிட்டுத் திரும்பினாள். “நான்தான் புடிச்சேன். பாட்டில்ல மருந்து இருக்கும், அலசக் கூடாது. நான் ஏதோ நெனப்புல அலசிட்டேன். அதான் கிருமி தெரியல.”

ஸ்டேஷனில் அன்றைக்கு அவள் இருந்தது அந்தத் தெருவில் பாதிப்பேருக்குத் தெரியும். ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்கு நாளும் கிழமையும் எங்கே நினைவிருக்கும்? கையில் ஒரு ஆள் கிடைத்துவிட்டாள், அது போதும். கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழாயடி மேடையில் சாய்த்தது. யாரோ இடுப்பில் உதைத்தார்கள். யாரோ செருப்பால் வாயில் அடித்தார்கள். பட்டறைக்காரர் கையைக் காட்டினார், எல்லாரும் விலகினார்கள்.

“எந்தக் கையில புடிச்ச?”

இடது கையை நீட்டியிருக்கலாம். பிற்பாடு எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். அவளுக்கு அது தோன்றவே இல்லை. மாதிரி எடுப்பது வலது கை, அதனால் வலது கையை மேடையின் சிமெண்டில் விரித்து வைத்தாள்.

“எம்புள்ள இந்தக் கையப் பாக்க ஓடி வருவா” என்றார் பட்டறைக்காரர்.  பிறகு இரும்புக் குழாயைத் தூக்கி அடித்தார். மூன்று முறை. முதல் அடியில் அவள் அலறினாள். இரண்டாவதில் சத்தம் வரவில்லை. மூன்றாவதை அவள் பார்க்கவில்லை, மயங்கிவிட்டாள். கம்பத்தில் கட்டப்பட்டிருந்தவன்தான் அவளுக்கும் சேர்த்து அலறினான்.

அன்று மாலையே தெருவைத் தோண்டினார்கள். சாக்கடை ஓரம், லாரிக்காரன் மோட்டார் வைத்திருந்த இடத்தில், குழாயில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. ஜீப் வருகிற சத்தம் கேட்டதும் அவனுடைய ஆள் மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு, ஓட்டையில் ஒரு கோணித்துண்டைத் திணித்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். தண்ணீர் நிற்கிற நேரமெல்லாம் சாக்கடை உள்ளே இறங்கியிருக்கிறது. லாரிக்காரன் ஊரைவிட்டே ஓடிப்போனான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து, கம்பி வைத்து, எப்படியோ கையைக் கை மாதிரி ஆக்கினார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் பிழைத்தன. நடுவில் உள்ள மூன்றும் உள்பக்கம் வளைந்தே நின்றுவிட்டன. லேப் அம்மா வந்து பார்த்தாள்.

“நடந்ததை நான் மேல சொல்லத்தான் போறேன். நீ எதுக்கு இதைச் சுமக்கணும்?”

“சொன்னீங்கன்னா அவனுக்குத் தெரியும். தெரிஞ்சா அவனால வாய மூடிட்டு இருக்க முடியாது. நேரா அந்த மனுஷன்கிட்டப் போய் நிப்பான். அவர் இவன் தலையில போடுவார்.” கொள்ளியக்கா இடது கையைத் தூக்கிக் காட்டினாள். “எனக்கு இன்னும் ஒரு கை நல்லா இருக்கும்மா. நீங்க சொன்னீங்கன்னா அது உங்க கன்னத்துல விழும்.”

லேப் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். சொல்லவில்லை.

தம்பி தினமும் வந்து ஊட்டிவிட்டான். ஸ்பூனை மூன்று முறை கழுவிவிட்டுத்தான் ஊட்டினான்.  அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருக்கும், ஓங்கி இன்னொன்று வைக்க வேண்டும் போலவும் இருக்கும்.

“என்னை ஏன்க்கா அடிச்ச?”

“கோவம்டா.”

“அன்னிக்குத் தண்ணி நான்தானே புடிச்சேன்? நீ ஏன் நீ புடிச்சதா சொன்ன?”

“உன்னை விட்டுட்டு என்னை அடிப்பாங்கன்னுதான். வேற ஒண்ணும் இல்ல. பாட்டில்ல மருந்து, அலசக் கூடாதுன்னதெல்லாம் அவங்கள நம்பவைக்க நானா கட்டிவிட்ட கதை. நீ புடிச்சதுல ஒரு தப்பும் இல்ல, மிஷின்தான் கோளாறு. இத மறந்துடு.”

அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. நம்பினான்.

தண்டனையாகச் சில மாதம் வீட்டில் உட்காரவைத்து, பிறகு அவளை மறுபடி அதே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இடது கையால் இடுக்கி பிடிக்கப் பழகினாள். பெட்டி தூக்குவதற்குத் தம்பி கூட வந்தான். பெட்டியைத் தூக்கு, இறக்கி வை, வேறு எதையும் தொடாதே என்பது அவள் உத்தரவு. பாட்டில் மூடியை முழங்கைக்குள் இடுக்கித் தானே திருகுவாள். பட்டறைத் தெருவில் அவளைக் கண்டால் பெண்கள் காறித் துப்புவார்கள். பட்டறைக்காரர் மட்டும் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். மிஷினை ஓட்டிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு ஒரு பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டது. பஞ்சு கொளுத்திக் குழாய் வாயைச் சுட்டாகிவிட்டது, தண்ணீர் ஓடுகிறது, மூடி மட்டும் அசையவில்லை. வளைந்த விரல்களால் பிடித்தாள், வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள்.

“கொடுக்கா இப்பிடி” என்று தம்பி பாட்டிலைப் பிடுங்கி, ஒரே திருகில் திறந்துவிட்டான். திறந்த கையோடு, யோசிக்காமல், கழுவிய டம்ளரைக் கழுவுகிற அதே பழக்கத்தில், பாட்டிலை ஓடுகிற தண்ணீருக்குள் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்த்தான்.

“டேய், அலசாதடா!” அவள் போட்ட அலறலில் பாட்டில் அவன் கையிலிருந்து விழுந்து உடைந்தது. “உள்ள மருந்து இருக்குடா! எத்தனை தடவ...”

அவள் நிறுத்திக்கொண்டாள். ஆனால் வாய்விட்டுப் போனது போனதுதான்.

அவன் உடைந்த கண்ணாடியைப் பார்த்தான். அவளுடைய வளைந்த விரல்களைப் பார்த்தான். குழாயடி மேடையைப் பார்த்தான். ஒவ்வொன்றாக அவன் முகத்தில் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் செய்ய முடியவில்லை.

“அப்போ நான்தானா?” என்றான். “அந்தப் பாப்பா செத்தது...”

“நீ இல்லடா. லாரிக்காரன்டா. நான்தான்டா உனக்குச் சொல்லல. டேய், நில்லுடா!”

அவன் நிற்கவில்லை. நேரே பட்டறைக்குள் போனான். அவள் பிடித்தாள், வலது கையால்தான் பிடித்தாள், அந்தக் கைக்குப் பிடிக்கத் தெம்பில்லை. சட்டை நழுவிப் போயிற்று.

“அண்ணே” என்றான். பட்டறைக்காரர் மிஷினை நிறுத்தினார். “அன்னிக்குத் தண்ணி புடிச்சது நான். பாட்டில அலசுனது நான். எங்கக்கா அப்போ லாக்கப்ல இருந்துச்சு.” சொல்லிவிட்டு, பட்டறைக் கல் என்கிற இரும்புப் பாளத்தின் மேல் தன் வலது கையை விரித்து வைத்தான்.

பட்டறைக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து பெரிய சம்மட்டியை எடுத்தார்.

கொள்ளியக்கா எரிகிற பஞ்சோடு உள்ளே பாய்ந்தாள். “எறக்கு! அவன் மேல பட்டுச்சுன்னா உன் பட்டறையோட உன்னையும் கொளுத்திருவேன்! கை வேணும்னா இந்தா இன்னொண்ணு இருக்கு, எடுத்துக்கோ!”

அவர் பார்வை அவளுடைய இடது கைக்குப் போகவில்லை. வலது கையில் நின்றது. நடு விரல்கள் மூன்றையும் நெடுநேரம் பார்த்தார்.

“அப்போ நான் தப்பான கைய உடைச்சுட்டேன்” என்றார்.

சம்மட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான், கையை மட்டும் எடுக்கவில்லை. சம்மட்டி இறங்கியது. கல்லின் மறுகோடியில், வெறும் இரும்பின் மேல். பட்டறையே அதிர்ந்தது, போல்ட்டுகள் தட்டிலிருந்து தெறித்து உருண்டன. மறுபடி தூக்கி மறுபடி அடித்தார். அடித்துக்கொண்டே மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். கைப்பிடி பிளந்து சம்மட்டித் தலை கழன்று சுவரில் போய் விழும்வரை அடித்தார். தெருவே வாசலில் வந்து நின்றது. ஒருவரும் உள்ளே வரவில்லை.

பிறகு அவர் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“போங்க ரெண்டு பேரும்” என்றார். “அங்க தண்ணி ஓடிட்டு இருக்கு.”

அவர்கள் குழாயடிக்குத் திரும்பினார்கள். அவள் குழாயை மூடி, புதுப் பஞ்சைக் கொளுத்தி, வாயை முதலிலிருந்து சுட்டாள். தண்ணீரைத் திறந்து ஓடவிட்டாள். தம்பி பெட்டியிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்துத் திறந்தான்.  பாட்டில் நழுவிவிடாமல் அவள் தன் வளைந்த விரல்களை அடியில் கொடுத்துத் தாங்கினாள்.

“அலசாத” என்றாள்.

“தெரியும்க்கா.”

பாட்டில் நிறைந்தது. கழுத்துக்குக் கீழே நிறுத்தி மூடினான். பட்டறையில் மிஷின் சத்தம் அன்று முழுவதும் கேட்கவில்லை.